பிறந்தபோதே நுரையீரலுக்கு மருந்து கொடுத்தார்கள், பிறகும் ஏன் இந்த இளைப்பு?

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். இரண்டாவது குழந்தை, பெண். 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள்; எடை 1.2 கிலோ. பிறந்த கொஞ்ச நேரத்தில் "நுரையீரல் விரிய ஒரு மருந்து" குழாய் வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். 52 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஐந்தாவது மாதத்தில், எல்கேஜி படிக்கும் அண்ணனுக்கு வந்த சளி இவளுக்கும் தொற்றி, மூச்சு இளைத்து, நான்கு நாள் ஆக்ஸிஜனில் இருந்திருக்கிறாள். பரிசோதனையில், குழந்தைகளின் மூச்சுக்குழாய்களைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் என்று தெரிந்தது. இப்போது எட்டு மாதம். நன்றாக இருக்கிறாள். ஆனால் அவள் தும்மினாலே இந்தத் தாய்க்கு வயிற்றைக் கலக்குகிறது.

கேள்விகள் பல. நுரையீரலில் சுரக்கும் சில புரதங்கள்தான் வைரஸைப் பிடித்து நோய் எதிர்ப்புச் செல்களிடம் ஒப்படைக்கின்றன என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்தப் புரதத்தைத்தான் பிறந்தபோது கொடுத்தார்கள் என்றால், ஏன் வைரஸ் இவ்வளவு பாதித்தது? ஆயுள் முழுக்க மகளுக்கு அது குறைவாகவே இருக்குமா? கணவரின் நண்பர் ஒருவர் "நுரையீரல் புரதத்தைக் கூட்டும்" என்று ஒரு பவுடரும் சொட்டு மருந்தும் விற்கிறார். ரத்தத்தில் அந்தப் புரதத்தை அளந்து பார்க்கலாம் என்றும் சொல்கிறார். பிரசவத்துக்கு முன் போட்ட ஸ்டீராய்டு ஊசிகள் குழந்தையின் எதிர்ப்பு சக்தியைக் கெடுத்துவிட்டன என்பது உறவினர் பேச்சு. அத்தை (கணவரின் அம்மா) தினமும் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுகிறார், குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுகிறார். குறைமாதக் குழந்தை என்பதால் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரி: "மாடியில் குடியிருந்தோம். தினமும் தண்ணீர்க் குடம் தூக்கினேன். எல்லாம் என் தப்புதானா டாக்டர்?"

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, உங்கள் தப்பு இல்லை. தொற்று, ரத்தக்கொதிப்பு, கர்ப்பப்பை வாய் தளர்வது என்று குறைப்பிரசவத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நிறைய பேருக்குக் காரணம் என்னவென்றே தெரிவதில்லை. குடம் தூக்கியதால்தான் 29 வாரத்தில் வலி வந்தது என்று உங்களைப் பார்த்துச் சொல்லும் தகுதி எந்த மருத்துவருக்கும் இல்லை, உறவினருக்கும் இல்லை.

அந்த ஸ்டீராய்டு ஊசி விஷயத்தில் உறவினர் சொல்வது நேர்த் தலைகீழ். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக இடுப்பில் ஊசி போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வழியாகக் குழந்தையின் நுரையீரலுக்குப் போன மருந்து. நியூஸிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், ஸ்டீராய்டு கொடுத்த ஆடுகளின் குறைமாதக் குட்டிகள், பிழைக்கவே வாய்ப்பில்லாத நாளில் பிறந்தும் மூச்சு விடுவதைக் கவனித்தார். பிறகு அவரும் ஹோவி என்ற மருத்துவரும் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் நுரையீரல் செல்களை அந்த ஊசி சீக்கிரம் முதிர வைக்கிறது. நீங்கள் விசாரிக்கும் அதே புரதங்களைச் சுரக்கும் செல்கள்தான் அவை. குழந்தை பிறப்பதற்கு முன்பே அவளுக்குக் கிடைத்த முதல் சிகிச்சை அது. அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

சரி, அந்த "விரிய வைக்கும் மருந்து" என்ன?

அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். நுரையீரலின் காற்றுப்பைகள் மிகச் சிறியவை. வளர்ந்தவருக்கே ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்குள்தான், எண்ணிக்கையில் ஏறத்தாழ 48 கோடி. உள்ளே ஈரம் இருப்பதால், மூச்சை விடும்போது ஈரமான பாலித்தீன் பை ஒட்டிக்கொள்வது போல அவை ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் தடுக்க, காற்றுப்பையின் சுவரில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள் என்பவை ஒரு வழவழப்பான திரவத்தைச் சுரக்கின்றன. அதில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, ஒரு பங்கு புரதம். கருவின் 24-வது வாரத்தை ஒட்டித் தொடங்கும் இந்தச் சுரப்பு, போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகும். உங்கள் மகள் நடுவழியில் வந்துவிட்டாள்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோ எடையில். உங்கள் மகளைவிட முதிர்ந்த குழந்தை, ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. இரண்டே நாளில் இறந்துபோனது. சர்ஃபாக்டன்ட் இல்லாததுதான் இந்த மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் 1959-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதை வெளியிலிருந்து கொடுக்க வழி இல்லை. ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டது 1980-ல்தான்.

நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எத்தனையோ முறை இந்த மருந்தைக் கொடுத்திருக்கிறேன். ஒரு சின்னக் குப்பி, ஃபிரிட்ஜில் இருக்கும். நர்ஸ் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவார். பால் போல வெள்ளையாக இருக்கும். உங்கள் மகளின் எடைக்கு மூன்றிலிருந்து ஐந்து மில்லிதான் தேவைப்பட்டிருக்கும். குழாய் வழியாக உள்ளே போன சில நிமிடங்களில், உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சுக்கூடு தணியும். மானிட்டரில் எண் ஏறும். ஆக்ஸிஜனைக் குறைக்கச் சொல்வோம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்குப் பழகிப்போகவில்லை.

ஒரே திரவம், இரண்டு விதப் புரதங்கள்

வீடியோவில் சொல்லாமல் விட்டது இதுதான். சர்ஃபாக்டன்டில் முக்கியமான புரதங்கள் நான்கு: எஸ்பி-ஏ, பி, சி, டி (எஸ்பி என்பது 'சர்ஃபாக்டன்ட் புரோட்டீன்' என்பதன் சுருக்கம்). இவற்றில் பி, சி இரண்டும் கொழுப்போடு சேர்ந்து காற்றுப்பையை விரித்து வைப்பவை. ஏ, டி இரண்டும்தான் கிருமியைப் பிடிப்பவை. மாடு, பன்றி நுரையீரலிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் முறையில் பி-யும் சி-யும் மட்டுமே தங்கும். ஏ-யும் டி-யும் கழன்றுவிடும். ஆக, உங்கள் மகளுக்குக் கொடுத்தது மூச்சு விட வைக்கும் மருந்து. வைரஸோடு சண்டை போட அதைக் கொடுக்கவும் இல்லை, அதில் அந்தப் புரதங்கள் இருக்கவும் இல்லை. "கொடுத்தும் பலிக்கவில்லை" என்று நீங்கள் வருந்தவே வேண்டாம். அது தன் வேலையை முடித்துவிட்டது. அதனால்தான் எட்டு மாதக் குழந்தை உங்கள் மடியில் இருக்கிறாள்.

அப்படியானால் ஏ-யும் டி-யும் எங்கிருந்து வரும்? அவளே சுரப்பாள். குறைமாதத்தில் பிறக்கும்போது அவை குறைவு என்பது உண்மை. ஆனால் பிறந்த பிறகு செல்கள் முதிர முதிரச் சுரப்பும் கூடும். ஆயுள் முழுக்கக் குறைந்தே இருக்கும் என்ற பயம் வேண்டாம்.

அவை வேலை செய்யும் விதம் அழகானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஸ்பி-டி ஒரு கூட்டல் குறி போல நான்கு கைகளோடு இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் மூன்று தலைகள். எஸ்பி-ஏ பூச்செண்டு போல, பல தண்டுகள் சேர்ந்த கட்டு. வைரஸின் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைக் கிளைகளை இந்தத் தலைகள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கை ஒரு வைரஸை, இன்னொரு கை அடுத்ததை என்று பிடிக்கும்போது அவை கொத்தாகச் சேர்ந்துவிடும். தரையில் கொட்டிய ரவையை ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது. ஈரத்துணியால் ஒற்றினால் திரண்டு வந்துவிடும் அல்லவா, அது மாதிரி. காற்றுப்பைக்குள் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. திரண்ட கொத்தை அவை எளிதாக விழுங்கிச் செரித்துவிடும். எஸ்பி-ஏ இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஆர்எஸ்வி கொடுத்தபோது, நுரையீரலில் வைரஸ் அதிகமாகத் தங்கியது.

இன்னொரு வேலையும் உண்டு, அதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். கையில் கிருமி எதுவும் இல்லாதபோது இதே புரதங்கள் மேக்ரோபேஜைத் தொட்டு "அமைதியாக இரு" என்று சொல்கின்றன. தலைகளில் கிருமி மாட்டிய பிறகு அவற்றின் வால் பக்கம் மேக்ரோபேஜில் வேறோர் இடத்தைத் தொட்டு உசுப்பிவிடும். நாம் ஒவ்வொரு மூச்சிலும் தூசு இழுக்கிறோம். அத்தனைக்கும் நுரையீரல் வீங்கிச் சிவந்தால் மூச்சு விட இடம் இருக்காது. ஆகவே "எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது" மட்டும் நல்லது என்று நினைக்காதீர்கள். ஆர்எஸ்வி வந்த குழந்தைக்கு மூச்சு அடைப்பது வைரஸால் மட்டும் அல்ல. அதை எதிர்க்கப் போய் வீங்கிய சுவரும், சேர்ந்த சளியும், உதிர்ந்த செல்களும் சேர்ந்துதான் அடைக்கின்றன.

பிறகு ஏன் அவளுக்கு இவ்வளவு பாதிப்பு?

எஸ்பி-ஏ மரபணுவின் சில வகைகளுக்கும் கடுமையான ஆர்எஸ்விக்கும் தொடர்பு இருப்பதாகப் பின்லாந்துக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் நான் அங்கே போய்த் தேட மாட்டேன். இதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு கண் முன்னே இருக்கின்றன. முதலாவது, தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்களில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அவள் அந்த மூன்று மாதத்தை ஏறக்குறைய முழுதாக இழந்துவிட்டாள். இரண்டாவது, மூச்சுக்குழாய்கள் மிகக் குறுகல். வளர்ந்த நமக்கு மூக்கு ஒழுகலோடு போகும் அதே வீக்கம், அவளுடைய நூலிழைக் குழாயை அடைத்துவிடும். நிறைமாதக் குழந்தைகளும் இதே வைரஸால் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது இது வந்துவிடும். வந்தவர்களுக்கு மறுபடியும் வரும். மறுபடி வந்தால் "எதிர்ப்பு சக்தியே இல்லை" என்று அர்த்தம் இல்லை. வளர வளரக் குழாய் அகலமாகும். காற்றுப்பைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன. காலம் அவள் பக்கம்தான் இருக்கிறது.

பவுடரும் ரத்தப் பரிசோதனையும்

பவுடர் வேண்டாம். வாய்வழியாகப் போகும் எந்தப் புரதமும் வயிற்றிலும் குடலிலும் உடைந்து அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்தில் சேரும். அது எஸ்பி-டி ஆக நுரையீரலுக்குப் போய்ச் சேராது. எட்டு மாதக் குழந்தைக்கு அவசியமே இல்லாமல் அடர்த்தியான புரதப் பவுடர் கொடுப்பது அவள் சிறுநீரகத்துக்குச் சுமை. என்ன இருக்கிறது என்று தெரியாத சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. தாய்ப்பால் தொடர்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இரண்டு வயது வரை விடாதீர்கள். கூடவே பருப்பு சாதம், மசித்த முட்டை மஞ்சள் கரு, கீரை. நண்பர் மனம் நோகுமே என்று வாங்கி வைத்திருந்தாலும், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு திருத்தம். ரத்தத்தில் எஸ்பி-டி அளப்பது உண்மையில் உள்ள பரிசோதனைதான். ஜப்பானில் நுரையீரல் தழும்பு நோய்களைக் கண்டறியப் பயன்படுத்துகிறார்கள். அங்கே எண் கூடினால் நல்லதல்ல: நுரையீரலுக்குள் இருக்க வேண்டியது சுவர் பழுதாகி ரத்தத்தில் கசிகிறது என்று பொருள். புகைப்பிடிப்பவர்களின் நுரையீரலைக் கழுவிய நீரில் இந்தப் புரதங்கள் குறைந்திருக்கும். அவர்கள் ரத்தத்திலோ கூடியிருக்கும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து உங்கள் மகளின் பலத்தைச் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் வேறொரு காரியம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எண்ணெயும் சாம்பிராணியும்

அத்தை அன்போடுதான் செய்கிறார், சந்தேகமே இல்லை. அவர் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்திருப்பார். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்த வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூடக் கிளப்பாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கும். அங்கே அதைக் கரைக்க வழி இல்லை. மேக்ரோபேஜ்கள் அதைக் கிருமிபோல விழுங்கும், செரிக்க முடியாமல் எண்ணெய்த் துளிகளோடு ஊதிக் கிடக்கும். மாதக்கணக்கில் சளி விடவில்லை என்று வந்த ஒரு குழந்தையின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை நான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மேக்ரோபேஜும் குமிழ் குமிழாக எண்ணெயால் நிரம்பியிருந்தது. வைரஸை விழுங்க வேண்டிய செல்லுக்கு அப்புறம் ஏது இடம்? தொப்புளில், தலையில், உடம்பில் தேய்ப்பது அத்தையின் விருப்பம். மூக்கு, காது, வாய் மூன்றும் கூடாது. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு போதும்.

சாம்பிராணியும் கொசுவத்தியும் புகைதான். தலைமுடியைப் பருத்தித் துண்டால் துடைத்துவிட்டாலே காய்ந்துவிடும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். மாமனார் திண்ணையில்தான் பீடி பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். திண்ணைப் புகை வீட்டுக்குள் வரும், சட்டையிலும் ஒட்டும். அவர் பேத்தியைத் தூக்கும் முன் சட்டை மாற்றிக் கை கழுவட்டும். விட்டுவிட்டால் இன்னும் நல்லது. புகை அந்த வீட்டுக் குழந்தைக்கு ஆர்எஸ்வியைக் கடுமையாக்கும் என்பதை அவரிடம் உங்கள் கணவர் சொல்லட்டும், மருமகளாக நீங்கள் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம்.

தடுப்பூசி: தள்ளிப்போட்டது தவறு, ஆனால் சரிசெய்யலாம்

குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியை வைத்துத்தான் தடுப்பூசி. "நிறைமாதக் கணக்கு" பார்த்துத் தள்ளக் கூடாது. இவளைப் போன்ற குழந்தைக்குத்தான் அவை அதிகம் தேவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கக்குவான், நிமோகாக்கல் உள்ளிட்டவை இலவசம். விட்டுப்போன தவணைகளை எப்படி நிரப்புவது என்று அங்கே வரிசை போட்டுத் தருவார்கள். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை ஊசியைத் தவறவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்கிய பணம் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிக்குப் போகட்டும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் முறை நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கொன்று. வீட்டில் அண்ணனும் பெரியவர்களும் போட்டுக்கொண்டால் அவளுக்கு இன்னும் பாதுகாப்பு. 2009-ல் உலகம் முழுக்கப் பரவிய பன்றிக்காய்ச்சல் வைரஸின் தலைப்பகுதியில் எஸ்பி-டி பிடிக்கும் சர்க்கரைக் கிளைகள் குறைவு. அதனால் அந்தப் புரதத்தின் பிடியில் அது எளிதில் சிக்குவதில்லை. அப்படிப்பட்ட வைரஸுக்கு, குறிபார்த்து உருவாகும் எதிர்ப்பு வேண்டும். அதைத் தடுப்பூசி தரும்.

ஆர்எஸ்விக்குக் கைக்குழந்தைக்குப் போடும் தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் ஆயத்தமாகச் செய்த எதிர்ப்புப் பொருளை ஊசியாகப் போடலாம். பழையது மாதாமாதம் போடுவது. நிர்செவிமேப் என்ற புதியது ஒரு பருவத்துக்கு ஒரே ஊசி. விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கடன் வாங்கிப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவளுக்கு அது தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவள் ஒரு வயதை நெருங்குவதால், நுரையீரல் பிரச்சினை இப்போதும் நீடிக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அவர் முடிவு சொல்வார். அதற்கு அவர் பழைய விவரங்களைப் பார்க்க வேண்டும். பிறந்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி. அது உங்கள் உரிமை. எத்தனை நாள் வென்டிலேட்டர், எத்தனை நாள் ஆக்ஸிஜன் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அண்ணன் பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, சட்டை மாற்றிவிட்டுத் தங்கையிடம் போகட்டும். அவனுக்குச் சளி என்றால் நாலைந்து நாள் முத்தம் வேண்டாம். அவனைத் திட்டாதீர்கள், பாவம், தங்கைக்கு நோய் கொடுத்தவன் என்ற எண்ணம் அந்த வயதில் மனதில் தங்கிவிடும்.

மறுபடி சளி பிடித்தால் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள், வைரஸை அது தொடாது. அவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். விலா இடுக்கு உள்ளே இழுப்பது, மூக்கு விடைப்பது, முனகுவது, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, உதடு நீலம், மூச்சு நடுவில் நிற்பது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த மூச்சு எண்ணும் வேலையை அத்தையிடம் கொடுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொன்னால் அவருக்கு மனம் கஷ்டப்படும். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு காலையும் இரவும் ஒரு நிமிடம் எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், அத்தையையும் கூட்டிப் போங்கள்.